ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை: அப்பா கடைக்கு ஒரு மதர்போர்டு

அப்பாவின் சட்டைப்பையில் இன்ச் டேப் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் எதற்கு டெய்லர் கடை டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறார் என்று அரக்கோணம் ஸ்டேஷனிலேயே கேட்டேன். "நீ போர்டைப் பாரு, நான் இடத்தைப் பாக்கறேன்" என்றார்.

அந்த 'இடம்' என்பது கடையில் கவுன்ட்டருக்குக் கீழே இருக்கும் ஒரு பொந்து. உயரம் 16 இன்ச், அகலம் 9 இன்ச். தாலுகா ஆபீஸ் பக்கம் 8-க்கு 6 அடியில் இருக்கிறது அப்பாவின் டி.டி.பி. கடை. பாதி இடத்தை ஜெராக்ஸ் மெஷின் பிடித்துக்கொள்ளும். மீதியில் அப்பா, ஒரு ஸ்டூல், மனு எழுத வந்தவர்கள், பத்திரிகை அடிக்க வந்தவர்கள். கம்ப்யூட்டருக்கு மிஞ்சியது அந்தப் பொந்துதான்.

கார்த்திகையில் ஒருநாள் இரவு இடித்த இடியில் கடையின் கம்ப்யூட்டர் போய்விட்டது. ஊரில் சர்வீஸ் பார்க்கும் அண்ணன் திறந்து பார்த்து, "ரேம் நல்லா இருக்கு, எஸ்.எஸ்.டி. நல்லா இருக்கு, மதர்போர்டு அவுட்டு" என்று தீர்ப்பு சொன்னார். 2018-ல் வாங்கியது. தை மாத முகூர்த்தங்களுக்கு ஒன்பது கல்யாணப் பத்திரிகைக்கு அப்பா அட்வான்ஸ் வாங்கியிருந்தார். இரண்டு வாரமாக, நண்பர் ஒருவரின் கடை மூடிய பிறகு அங்கே போய் உட்கார்ந்து ராத்திரி 11 மணி வரை டைப் செய்துகொண்டிருந்தார். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். "இதுக்குள்ள முடிச்சிடுங்க" என்பதுதான் உத்தரவு.

எனக்கோ வேறு கனவு. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் யூடியூபில் எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பேன். ஷூ பெட்டி அளவில் வெள்ளை வெளேரென்று ஒரு கம்ப்யூட்டர். உள்ளே உள்ளங்கையை விரித்தால் ஏறக்குறைய மூடிவிடும் அளவில் ஒரு மதர்போர்டு. மினி ஐ.டி.எக்ஸ். என்று பெயர். அப்பா கவுன்ட்டரில் அது உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? பொந்தே வேண்டாம், மேஜை மேலேயே வைக்கலாம். முடிவு செய்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

மவுண்ட் ரோட்டின் கொல்லைப்புறம்

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்தால் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். மேலே ஏறி அண்ணா சாலையின் சிந்தாதிரிப்பேட்டை பக்கம் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலையில் சீக்கிரம் போனாலும் பயனில்லை. 11 மணிக்கு மேல்தான் தெரு முழுசாக விழிக்கும்.

ரிச்சி தெரு என்று ஒரு தெருவைச் சொன்னாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. ரேடியோ, டேப்ரிக்கார்டர் உதிரி பாகங்களில் தொடங்கி, டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்குக் காலம் சரக்கை மாற்றிக்கொண்ட இடம். மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோக அலுவலகங்களுக்குப் பேர்போனது. அதற்கும் முன்னே போனால், இந்த வட்டாரமே நெசவாளர்களுக்காக உருவானது. 1734-ல் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி அமைத்த ஊர். சின்னத் தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்பவும் நூலு, இப்பவும் ஒயரு" என்றார்.

ஒயர்தான். கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. சி.சி.டி.வி. கேமராக்கள் கொத்தாக எல்லாத் திசையும் பார்க்கின்றன. தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டிகள் மலைபோல வருகின்றன. "வழி வழி" என்ற குரல் கேட்டால் ஒதுங்கத்தான் வேண்டும், ஒதுங்க இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். பத்தடிக்கு ஒருவர் "மேடம் டெம்பர் கிளாஸ், சார் லேப்டாப் சார்ஜர்" என்று கூப்பிடுகிறார்கள். ஒரு டீக்கடை ஓரத்தில் பழைய மதர்போர்டுகளைக் கோணிப்பையில் அடுக்கி எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா அங்கே கொஞ்ச நேரம் நின்றார். நம்முடையதும் ஒருநாள் இங்கேதான் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

கண்ணாடிக்குள் இருந்த குட்டி

முதல் கடை ஏ.சி. ஷோரூம். நான் தேடியது கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. நீளம் 17 செ.மீ., அகலம் 17 செ.மீ. கடைப் பையன் அப்பாவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தான். கேள்வி கேட்பது நான், பதில் போவது அவருக்கு. நான்காவது கேள்வியில்தான் என் பக்கம் திரும்பினான்.

இந்த அளவுகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நாம் 'சி.பி.யூ.' என்று தப்பாகச் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய போர்டு ஏ.டி.எக்ஸ். என்ற அளவு. 30.5-க்கு 24.4 செ.மீ. 1995-ல் இன்டெல் கொண்டுவந்தது. அதையே நீளத்தில் வெட்டி 24.4-க்கு 24.4 என்று சதுரமாக்கி 1997-ல் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வந்தது. மினி ஐ.டி.எக்ஸ். அளவை 2001-ல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்தது. மூன்றிலும் பின்பக்கத் துளைகளும் திருகு போடும் இடங்களும் ஒரே கணக்கில் பொருந்துவதால், சின்ன போர்டைப் பெரிய பெட்டிக்குள் மாட்டலாம். பெரியதைச் சின்னதில் மாட்ட முடியாது.

விலையைக் கேட்டேன். 17,000 ரூபாய் சொன்னான். பி760 சிப்செட், வைஃபை எல்லாம் உண்டு. பக்கத்திலேயே இருந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு ஒன்று 6,500-தான். சின்னதுக்கு எதற்கு இவ்வளவு? "அதே சாமான் எல்லாத்தையும் சின்ன இடத்துல நெருக்கி வைக்கணும்ல மேடம். வாங்கறவங்களும் கம்மி."

சாமான் எல்லாம் என்றாலும் எல்லாமும் இல்லை. ரேம் ஸ்லாட் இரண்டுதான். கார்டு சொருக ஒரே ஒரு ஸ்லாட். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த போர்டு டி.டி.ஆர்.5 ரேம் மட்டும்தான் ஏற்கும். அப்பாவிடம் நல்ல நிலையில் இருப்பதோ 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 இரண்டு. காடி வெட்டிய இடம் வேறு என்பதால் சொருகவே முடியாது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிக்கொண்டிருக்கிறது. கையில் இருக்கும் ரேமை வீசிவிட்டுப் புதுசு வாங்குவது அம்மாவின் சீட்டுப் பணத்துக்குச் செய்யும் துரோகம்.

மினி ஐ.டி.எக்ஸ்.ஸிலேயே டி.டி.ஆர்.4 போடும் எளிய ரகமும் உண்டு. கேட்டோம். ஸ்டாக் இல்லை, சொல்லி வைத்தால் வரும் என்றான். தை மாதம் வரை காத்திருக்க முடியாது. போன முகத்தோடு வெளியே வந்தேன்.

மூவாயிரம் ரூபாய் ஆசை

அடுத்த சந்தில் இன்னொரு ஆசை காத்திருந்தது, இந்த முறை அப்பாவுக்கு. பழைய பிராசஸரை அப்படியே மாட்டிக்கொள்ளும் மைக்ரோ சைஸ் போர்டு. பெட்டியில் கம்பெனி பெயர் என்று எதுவும் இல்லை. 3,000 ரூபாய். "மூணு மாசம் கேரன்டி சார். பில் வேணாம்னா இன்னும் கொறைச்சுக்கலாம்."

அப்பாவின் கை பர்ஸுக்குப் போய்விட்டது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பழைய பிராசஸர், பழைய ரேம், எல்லாம் அப்படியே வேலை செய்யும், 22,000 மிச்சம். ஆனால் அது ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஊர்க்காரர்களின் ஆதார், பட்டா, பேங்க் பாஸ்புக் எல்லாம் பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து போகிற கம்ப்யூட்டர். அதைப் பூட்டு இல்லாமல் வைக்கலாமா?

இதைச் சொன்னதும் அப்பா பர்ஸை உள்ளே வைத்தார். ஆனால் ரொம்ப தூரம் அந்தக் கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பின்னாடி என்னென்ன சொருகுவீங்க?"

மூன்றாவது கடை மாடியில். படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கிப் போய்விட வேண்டும். உள்ளே கூரை வரை பெட்டிகள், நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அண்ணன். நான் சிப்செட், தலைமுறை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். பின்னாடி என்னென்ன சொருகுவீங்க?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை.

அப்பா விரல் விட்டு எண்ணினார். மானிட்டர். அது பழசு, நீலத் தலை ஒயர்தான் உண்டு. அதாவது வி.ஜி.ஏ. பிரின்டர் இரண்டு. ஸ்கேனர். மௌஸ். நெட்டுக்கு ஒயர். கஸ்டமர் பென் டிரைவுக்கு எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். "அப்புறம் கீபோர்டு. ரவுண்டு பின்."

அந்த கீபோர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடை திறந்தபோது வாங்கியது. பழைய பி.எஸ்.2 வகை, ஊதா நிற வட்டத் தலை. ஒவ்வொரு கட்டையிலும் அப்பா தமிழ் டைப்ரைட்டிங் முறையில் எழுத்து எழுதி ஒட்டியிருக்கிறார். பாதி எழுத்துகள் தேய்ந்துவிட்டன, விரலுக்குத் தெரியும் என்பார். அதில் அவர் பத்திரிகை அடிக்கும் வேகத்துக்கு நான் ஆபீஸில் பிரேக்கிங் நியூஸ் அடித்ததில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த 17,000 ரூபாய் போர்டில் நீலத் துளையும் கிடையாது, ஊதாத் துளையும் கிடையாது. மாற்றுவதற்குச் சின்னச் சின்ன கன்வெர்ட்டர்கள் கிடைக்கும்தான். ஆனால் அந்த 8-க்கு 6 கடையில் தொங்குகிற ஒவ்வொரு கன்வெர்ட்டரும் ஒருநாள் யாராவது காலில் மாட்டும்.

அண்ணன் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். எச்610 சிப்செட், மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., டி.டி.ஆர்.4. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊதா வட்டம், நீல வி.ஜி.ஏ., பக்கத்தில் எச்.டி.எம்.ஐ., ஆறு யு.எஸ்.பி., நெட் துளை. அப்பா மறுபடி விரல் விட்டு எண்ணினார். ஒரு யு.எஸ்.பி. மிஞ்சியது.

குறைகளையும் அவரே சொன்னார். ரேம் ஸ்லாட் இரண்டுதான், நாலு கிடையாது. எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு ஒரே இடம். பிராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் சூடு இறக்கும் தகடு இல்லை. "இதுல ஐ3 போடுங்க, சாதா ஐ5 போடுங்க, ஓடும். ஐ9 போட்டு என்னைத் திட்டாதீங்க." இந்த எல்.ஜி.ஏ.1700 சாக்கெட்டுக்கு இன்டெல் கொடுத்தது 12, 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள்தான். அதற்குமேல் ஏற்ற முடியாது. பத்திரிகை அடிக்க அதற்குமேல் எதற்கு?

பிராசஸர் விலையைக் கேட்டபோது நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். ஐ3 12100 ஒன்று, 12100எஃப் ஒன்று. எஃப் விலை கணிசமாகக் குறைவு. "இதையே கொடுங்கண்ணா" என்றேன். அவர் சிரித்தார். எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் போர்டில் எத்தனை வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. இருந்தாலும் மானிட்டர் இருட்டாகவே இருக்கும். "அந்த எஃப்பை வாங்கிட்டுப் போய் போர்டு ரிப்பேர்னு திரும்ப வர்றவங்க வாரத்துக்கு ஒருத்தராவது உண்டும்மா." ஏ.எம்.டி.யில் இதே மாதிரி ஒரு பொறி தலைகீழாக இருக்கிறது. ஏ.எம்.4 சாக்கெட்டுக்கான ரைசன் 5600 வாங்கினால் படம் வராது, 5600ஜி வாங்கினால் வரும்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். எச்610 போர்டும் 12100 பிராசஸரும் 2022 ஜனவரியில் ஒன்றாக வந்தவை, எந்தப் பிரச்னையும் வராது. ஆனால் ரொம்ப நாளாக அடுக்கில் கிடந்த போர்டோடு 14-ஆம் தலைமுறை பிராசஸரை வாங்கினால், பயாஸ் அப்டேட் செய்யாமல் ஆன் ஆகாமல் போகலாம். வாங்கும் இடத்திலேயே கேட்டு, செய்து வாங்கிவிட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்பு பெட்டியைப் பிரித்து, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மூடியைத் திறந்தார். உள்ளே முடி மாதிரி 1,700 பின்கள். என் போனை வாங்கி கேமராவில் ஜூம் செய்து, சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். எல்லாம் ஒரே வரிசையில் மின்னின. ஒரு பின் வளைந்திருந்தால்கூட வாரன்டி பேச்சு அங்கேயே முடிந்துவிடுமாம். பார்த்த பிறகு போட்டோவும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் இதை மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பில்லில் போர்டின் சீரியல் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம் உறுத்தும். ஆனால் எங்கள் போர்டுக்கு மூன்று வருட வாரன்டி, அதைக் கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.

கேபினெட் பார்க்கும்போதுதான் இன்ச் டேப் வெளியே வந்தது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். கேபினெட்டுகளிலேயே சில 17 இன்ச் உயரம் வருகின்றன. அப்பா ஒவ்வொன்றையும் அளந்தார். கடைப் பையன் "பெட்டி மேலயே சைஸ் போட்டிருக்கு சார்" என்றான். "இருக்கட்டும் தம்பி" என்று மறுபடி அளந்தார். நான்காவது 15¼ இன்ச். அகலம் 7½. அதோடு புது எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. பழையதையே போடலாம் என்று நினைத்திருந்தேன். இடி வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புது போர்டில் சொருகுவது புது மாப்பிள்ளையைப் பழைய பகையாளி வீட்டுக்கு விருந்துக்கு அனுப்புகிற மாதிரி என்றார் அண்ணன். மொத்தம் 21,800 ரூபாய்.

மினி ஐ.டி.எக்ஸ். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஹாஸ்டல் அலமாரி, டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு குட்டி இடம், ஊர் ஊராகத் தூக்கிப் போக வேண்டிய எடிட்டிங் கம்ப்யூட்டர் என்றால் அதற்கு ஈடு இல்லை. கேம் ஆடுகிறவர்கள், வீடியோ எடிட் செய்கிறவர்கள் மைக்ரோவிலேயே பி வரிசை சிப்செட் பக்கம் போகலாம், நாலு ரேம் ஸ்லாட் உள்ள போர்டுகள் கிடைக்கும். இன்னும் சில வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 நல்லது, ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ரேம்தான். அப்பாவின் கணக்கில் அது வரவில்லை.

மடியில் வந்த பெட்டி

ரயிலில் கேபினெட்டை மேலே வைத்தோம். மதர்போர்டு பெட்டி மட்டும் அப்பா மடியில். திருவள்ளூர் வரை உட்கார இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே அணைத்துப் பிடித்திருந்தார். "பேரக் குழந்தையா சார்?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார். அப்பா பெட்டியைத் திறந்து அவருக்கு வி.ஜி.ஏ. துளையைக் காட்டினார்.

கடைக்குப் போய் நாங்களே மாட்டினோம். சர்வீஸ் அண்ணன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி மேற்பார்வை. எங்கள் போர்டு பெயருக்குத்தான் 24.4 அளவு. விலை குறைந்த மைக்ரோ போர்டுகள் பலவற்றில் ஒரு பக்கத்தை இன்னும் குறுக்கிவிடுகிறார்கள். அதனால் அந்த ஓரத்தில் திருகு இல்லை, போர்டு அந்தரத்தில் நிற்கிறது. 24 பின் பவர் ஒயரை அழுத்தியபோது தோசை ஓரம் மாதிரி வளைந்தது. எனக்கு உயிர் போய் வந்தது. "அடியில விரல் குடுத்து அமுக்கும்மா" என்றார் அண்ணன் டீயை இறக்காமல்.

ஸ்விட்ச் போட்டோம். ஃபேன் சுற்றியது. மானிட்டர் கருப்பு. பத்து விநாடி, இருபது விநாடி. அப்பா என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். "புது போர்டு ரேமைப் பழகிக்குது, இருங்க" என்றார். முதல்முறை அப்படித்தானாம். கம்பெனி லோகோ வந்தபோது, ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றிருந்த பாட்டிகூட "வந்துடுச்சா?" என்றார்.

விண்டோஸ், பிரின்டர் டிரைவர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஏற்றி முடிக்க ராத்திரி 9 மணி. கேபினெட்டைப் பொந்துக்குள் தள்ளினார் அப்பா. மேலே முக்கால் இன்ச் இடைவெளி. அதையும் டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேய்ந்த கட்டைகளின் மேல் விரல்களை வைத்து, முதலில் நடுவில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே மளமளவென்று மாப்பிள்ளை வீட்டார் பெயர். பெண் வீட்டார் பெயர் வந்ததும் நிறுத்தினார்.

"பாப்பா, அந்த நோட்டை எடு. பொண்ணோட தாத்தா பேர்ல ஒத்து வருமா, வராதான்னு பாரு."